மாமன்ற அஜெண்டாவைப் படிப்பது எப்படி?

திருச்சி மாமன்றக் கூட்டம் நடந்த மறுநாள் நாளிதழை எடுத்துப் பாருங்கள். வாக்குவாதம் இருக்கும், வெளிநடப்பு இருக்கும், கலங்கலான குடிநீரைப் பாட்டிலில் கொண்டுவந்து காட்டும் கவுன்சிலரின் படம் இருக்கும். செய்தி முடிகிற இடத்தில் "பின்னர் அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன" என்று ஒரு வரி வரும். உங்கள் தெருவின் மழைநீர் வடிகால், பேருந்து நிலையக் கழிப்பறைக் குத்தகை, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஒப்பந்தம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் இருக்கின்றன.

பேச்சு எவ்வளவு நேரம் ஓடினாலும் இந்தப் பொருள்கள் சில நிமிடங்களில் நிறைவேறிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 65 வார்டு உள்ள ஒரு மாநகராட்சி, பிளீச்சிங் பவுடர் வாங்குவதைப் பற்றி ஒவ்வொரு முறையும் விவாதித்துக்கொண்டிருந்தால் ஊர் நாறிப்போகும். அமெரிக்காவில் பல நகர மன்றங்கள் சர்ச்சையில்லாத பொருள்களை ஒரே கட்டாகக் கட்டி ஒரே வாக்கில் முடித்துவிடுகின்றன. ஓர் உறுப்பினர் கேட்டால் ஒரு பொருளை மட்டும் அந்தக் கட்டிலிருந்து உருவித் தனியே விவாதிக்கலாம். நம் மன்றத்திலும் கவுன்சிலர் எழுந்து "இந்தப் பொருளை ஒத்திவையுங்கள்" என்று கேட்கலாம், தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லலாம். அதற்கு அவர் அந்தப் பொருளைப் படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் படித்த ஒருவர் அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம் என்பதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். கூட்ட நாளன்று ஒரு முடிவை மாற்ற நினைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அது அஜெண்டாவில் ஏறுவதற்கு முன்பும், தீர்மானமாகி வெளியே வந்த பின்பும்தான் நமக்கு வேலை இருக்கிறது.

யார் எழுதுகிறார்கள், யார் தீர்மானிக்கிறார்கள்

பாரதிதாசன் சாலையில் உள்ள மைய அலுவலகத்தில் மன்றம் கூடுகிறது. மக்கள் 65 கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். 1866-இல் திருச்சி நகராட்சி ஏற்பட்டபோது பதவிவழி உறுப்பினர் இருவர், நியமன உறுப்பினர் ஒன்பது பேர், அவ்வளவுதான். தேர்தல் என்பதே 1877-இல்தான் வந்தது. தனித்தனி நகராட்சிகளாக இருந்த ஸ்ரீரங்கமும் பொன்மலையும் 1994-இல் திருச்சியோடு சேர்ந்து மாநகராட்சி ஆயின. இப்போது ஸ்ரீரங்கம், அரியமங்கலம், திருவெறும்பூர், பொன்மலை, கோ.அபிஷேகபுரம் என்று ஐந்து மண்டலங்கள் இருக்கின்றன. மண்டலத்துக்கு ஒரு குழுத் தலைவர், ஓர் உதவி ஆணையர். இதுபோக வரிவிதிப்பு, பணிகள், நகரமைப்பு, சுகாதாரம், கல்வி, கணக்கு என்று நிலைக்குழுக்கள் உண்டு.

மன்றம் தீர்மானிக்கும், ஆணையர் நிறைவேற்றுவார். அஜெண்டாவில் வரும் குறிப்புகளைத் தயாரிப்பது ஆணையரின் கீழுள்ள அலுவலகப் பிரிவுகள். அதாவது ஒரு பொருளின் தொகை, இடம், காரணம் எல்லாம் மன்றத்துக்கு வரும்போதே எழுதி முடிந்திருக்கும். 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. ஆணையரே தனி அலுவலர், ஆகவே குறிப்பு எழுதும் அலுவலகத்தின் தலைவரும் தீர்மானம் போடுபவரும் ஒருவரே. அந்தக் காலத்திலும் குப்பை அள்ளினார்கள், தெருவிளக்கு எரிந்தது. "இந்தத் தொகை ஏன்?" என்று எழுந்து கேட்கத்தான் அந்த அரங்கில் யாரும் இல்லை. அன்றாடச் செலவுக்கெல்லாம் மன்றம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஐந்தாண்டுகளைத்தான் காட்டுவேன்.

மன்றத்துக்கே போகாத வேலைகள்

முதலில் அலைச்சலை மிச்சம்பிடியுங்கள். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாயில் கசிவு, பாதாளச் சாக்கடை மூடி உடைந்துவிட்டது, குப்பை வண்டி வரவில்லை: இவற்றுக்குத் தீர்மானம் தேவையில்லை. மண்டல அலுவலகத்தில் உங்கள் வார்டுக்குரிய உதவிப் பொறியாளரும் சுகாதார ஆய்வாளரும் கவனிக்க வேண்டிய வேலைகள் இவை. ஒரு வரம்புக்குள் வரும் செலவை ஆணையரே அனுமதிக்கலாம். அந்த வரம்பைத் தாண்டுவதுதான் மன்றத்துக்கு வருகிறது.

இரண்டாவது, அது மாநகராட்சியின் சொத்துதானா என்று பாருங்கள். ஊரில் பாதிக் கோபம் தவறான வாசலில் போய் நிற்கிறது. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. 2022-23இல் பாலத்தை மூடிப் பழுதுபார்த்ததும் அந்தத் துறைதான். உய்யகொண்டான் வாய்க்கால் நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது. ஆனால் அதில் கலக்கும் கழிவுநீர் மாநகராட்சி வடிகாலிலிருந்து வந்தால், அந்தப் பகுதிக்கு மாநகராட்சி பதில் சொல்ல வேண்டும். ரங்கநாதர் கோயில் நிர்வாகம் அறநிலையத் துறையின் கீழ். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் குப்பை எடுப்பதும் விளக்குப் போடுவதும் மாநகராட்சியின் வேலை. ஒரே இடத்தில் இரண்டு துறை சந்திக்கும்போது மனுவையும் இரண்டாக எழுதுங்கள். ஒரு மனுவின் நகலை இன்னொரு துறைக்கு அனுப்பினால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

ஒரு சாலைப் பொருளை வாசிப்போம்

ஒவ்வொரு பொருளுக்கும் வரிசை எண் இருக்கும், எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று சொல்லும் கோப்பு எண் இருக்கும். பிறகு மூச்சுவிடாமல் ஓடும் ஒரு நீண்ட வாக்கியம், "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று போய் முடியும். மொழியைக் கண்டு பயப்பட வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எவ்வளவு, எந்த நிதி, இப்போது எந்தக் கட்டம் என்ற நான்கையும் தேடி அடிக்கோடு போட்டுவிட்டால் குறிப்பு முழுதும் விளங்கிவிடும்.

உதாரணத்துக்கு ஸ்ரீரங்கம் மண்டலத்தில் ஒரு வீதிக்குத் தார்ச்சாலை புதுப்பிக்கும் பொருள் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம்.

இடத்தை முதலில் பாருங்கள். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி என்றால் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு. சித்திரை வீதியும் அப்படித்தான். எந்தப் பக்கம், எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, நீளம் எத்தனை மீட்டர் என்று குறிப்பில் இருக்க வேண்டும். "உத்திர வீதி மற்றும் சுற்றியுள்ள பகுதிகள்" என்று பொதுவாக எழுதியிருந்தால் கவுன்சிலரிடம் அளவுப் பட்டியலைக் கேளுங்கள். சுற்றியுள்ள பகுதி எது என்பது வேலை தொடங்கிய பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது உயரம். பழைய சாலையின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டதால் பல தெருக்களில் வீட்டு வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் திண்ணையைத் தொடுகிறது. பழைய வீடுகள் நெருங்கி நிற்கும் ஸ்ரீரங்கத்தில் இது சாதாரண அசௌகரியம் இல்லை, வீட்டின் அஸ்திவாரத்தையே பாதிக்கும் விஷயம். இதற்குப் பரிகாரம் பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில் புதிதாகப் போடுவது. மில்லிங் என்பார்கள். எஸ்டிமேட்டில் மில்லிங் ஒரு தனி இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லையென்றால் தெருவிலும் நடக்காது. வேலை நடக்கும் இரவில் ரோலருக்கு முன்னால் நின்று சண்டை போட்டுப் பயனில்லை, ஒப்பந்ததாரருக்கு அதற்கான காசு ஒதுக்கப்படவே இல்லை. எஸ்டிமேட் தயாராகும்போது உதவிப் பொறியாளரிடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு.

மூன்றாவது, வெட்டு. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை இணைப்பு, மின்வாரியக் கேபிள், எரிவாயுக் குழாய் என்று எல்லோரும் சாலையை வெட்ட அனுமதி கேட்டு, சீரமைப்புக் கட்டணம் கட்டுகிறார்கள். புதுச் சாலை போட்ட பிறகு இந்த அனுமதி கிடைத்தால் புதுச் சாலை போயிற்று. அதே அஜெண்டாவிலோ முந்தைய கூட்டத்திலோ அதே வீதிக்கு வெட்டு அனுமதி எதுவும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். தைத் தேர் உத்திர வீதிகளிலும் சித்திரைத் தேர் சித்திரை வீதிகளிலும் ஓடுகின்றன. தேருக்கு முன்னால் வெட்டுப் பள்ளங்கள் மூடப்பட்டு, மண் இறுகி, தளம் சமமாகியிருக்க வேண்டும். வேலை முடியும் தேதியைத் திருவிழா நாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஸ்ரீரங்கத்தாருக்குக் கூடுதலாகத் தேவை.

நிதியைப் பொறுத்தவரை ஒரு விஷயம் போதும். மானியத் திட்டத்தில் வரும் பணம் எந்த வேலைக்கு வந்ததோ அதற்கு மட்டுமே. குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று வந்த தொகையைக் காட்டி "அதில் எங்கள் சாலையைப் போடுங்கள்" என்று கேட்க முடியாது. பொது நிதி என்று எழுதியிருந்தால் அது வீட்டுவரியும் கடை வாடகையும் வசூலாவதைப் பொறுத்தது. பொது நிதி வறண்டிருந்தால் பில் பணம் எப்போது வருமோ என்ற பயத்தில் ஒப்பந்ததாரர்கள் டெண்டர் போடவே தயங்குவார்கள்.

கடைசியாகக் கட்டம். ஒரே வேலை மன்றத்துக்கு இரண்டு முறை வரலாம். முதல் முறை மதிப்பீட்டுக்கு நிர்வாக அனுமதி கேட்டு வரும், இரண்டாம் முறை டெண்டரை ஏற்கச் சொல்லி வரும். முதல் தீர்மானத்தைக் கேள்விப்பட்டவுடன் "சாலை சாங்ஷன் ஆகிவிட்டது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து மனம் நொந்துபோனவர்கள் உண்டு. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் விதிகள்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் மேலதிகாரி அதற்குக் காரணம் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். டெண்டரை ஏற்கும் பொருளில் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள், குறைந்த விலை மதிப்பீட்டைவிட எவ்வளவு கூடுதல் என்ற இரண்டு விவரத்தையும் பாருங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் குறைந்த விலை கேட்டவரிடம் மட்டுமே பேசலாம் என்பதும் சட்டம்.

பின்னேற்புப் பொருள்கள்

அஜெண்டா முழுவதையும் படிக்க நேரமில்லை என்பவர்களுக்கு என் யோசனை: பின்னேற்புப் பொருள்களை மட்டுமாவது படியுங்கள்.

மன்றம் கூடும் வரை காத்திருக்க முடியாத வேலைக்கு மேயரின் முன் அனுமதி பெற்றுச் செலவு செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பது வழக்கம். கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையத்தில் மோட்டார் எரிந்துபோனால் அடுத்த கூட்டத் தேதிக்காக ஊர் தாகத்தோடு காத்திருக்க முடியாது. மழைக்காலத்தில் வடிகால் கரை உடைந்தாலும் அப்படியே. இப்படி ஒரு வழி இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் அவசரம் என்று சொல்லப்படுவது எல்லாம் அவசரமா என்பதைப் படிப்பவர்தான் கேட்க வேண்டும். வைகுண்ட ஏகாதசி எந்த நாளில் வருகிறது என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கு முந்தைய ஆண்டே தெரியும். ஆடிப்பெருக்கு எப்போதும் ஆடி 18. அம்மா மண்டபத்தில் கூட்டம் கூடும், தற்காலிகக் கழிப்பறை தேவைப்படும், குடிநீர்த் தொட்டி வைக்க வேண்டும், கூடுதல் தூய்மைப் பணியாளர்கள் வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அப்படிப்பட்ட செலவு பின்னேற்புக்கு வந்தால், ஏன் முன்னதாகவே மன்றத்துக்குக் கொண்டுவந்து டெண்டர் விடவில்லை என்று கேட்க எந்தக் கவுன்சிலருக்கும் உரிமை உண்டு. முன்கூட்டியே தெரிந்த வேலையை முன்கூட்டியே கொண்டுவந்தால் விலையும் குறையும், வெயிலில் நிற்கும் பணியாளருக்குச் சாப்பாடும் நிழலும்கூடக் கணக்கில் இடம்பெறும். இதைக் கேட்பதால் யாரையும் குற்றம் சாட்டியதாக ஆகாது.

குத்தகை இனங்கள்

கட்டணக் கழிப்பறை, சைக்கிள் ஸ்டாண்டு, தினசரி மார்க்கெட் வசூல், கடைகள் ஆகியவற்றை ஏலம் விடும் பொருள்கள், நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அதற்கு முந்தைய மாதங்களில் அதிகம் வரும். மாநகராட்சிக்கு எவ்வளவு வருமானம் என்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பொதுமக்களிடம் வசூலிக்க அனுமதித்த கட்டணத்தை. கழிப்பறை வாசலில் நின்று கூடுதலாகக் கேட்பவரிடம் வாதாடுவதைவிட, தீர்மானத்தில் உள்ள கட்டணத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதைப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லி மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுப்பது பலன் தரும்.

குத்தகை ஒன்றே வழி என்றும் இல்லை. திருச்சியில் பல சமுதாயக் கழிப்பறைகளை அந்தந்தப் பகுதிப் பெண்களின் குழுக்களே எடுத்து நடத்தியிருக்கிறார்கள். கிராமாலயா போன்ற தொண்டு நிறுவனங்கள் பயிற்சி கொடுத்தன, மாநகராட்சி கட்டடத்தை ஒப்படைத்தது. கல்மந்தை என்னும் குடிசைப் பகுதி 2002-இல் திறந்தவெளியில் மலம் கழிப்பது அறவே நின்ற பகுதியாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னால் அந்தப் பெண்கள் இருந்தார்கள். கட்டிய கழிப்பறையைத் தங்களுடையதாக நினைத்துக் கழுவி, சாவியை வைத்துக்கொண்டு, வசூலுக்குக் கணக்கு எழுதினார்கள். "பராமரிப்புக்கு ஒப்படைத்தல்" என்று இப்படியொரு பொருள் வந்தால் அதை வெறும் சடங்காக எண்ணிப் புரட்டிவிடாதீர்கள். ஒப்படைக்கப்படுவது யாரிடம், எத்தனை ஆண்டுக்கு, மின்கட்டணமும் பழுதுச் செலவும் யார் தலையில் என்று பாருங்கள். அந்தச் செலவு குழுவின் தலையில் விழுந்தால் சீக்கிரமே அங்கே பூட்டுத் தொங்கும்.

வரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022-இல் வீட்டுவரி உயர்ந்தபோது 600 சதுர அடி வரை 25, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்ற விகிதம் சென்னையில் அரசாணையாக முடிவாகி வந்தது. இத்தகைய பொருளில் மன்றத்துக்கு இருக்கும் இடம் குறைவு. உங்கள் வீட்டின் அளவு சரியா, குடியிருப்பைக் கடை என்று பதிந்திருக்கிறார்களா என்பதில்தான் உள்ளூரில் ஏதாவது செய்ய முடியும். அதற்கு மண்டல வருவாய்ப் பிரிவில் எழுத்து மூலம் மறு அளவீடு கேளுங்கள்.

உங்கள் தெருவை அஜெண்டாவில் ஏற்றுவது

வார்டு குழுவும் பகுதி சபாவும் தமிழ்நாட்டு நகரங்களுக்குப் புதிது. முதல் பகுதி சபாக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நடந்தன. கிராமத்தாருக்குக் கிராம சபை போல, நகரத்தாருக்கு இது. உங்கள் பகுதிக்கான சபா எங்கே, எப்போது கூடுகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பேசுவதை மட்டும் நம்பாமல் எழுதிக் கொடுத்து, கூட்டப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தாலும் அதே விதிதான்: ஒப்புகை எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். "எங்கள் தெருவில் மழைநீர் தேங்குகிறது, ஆவன செய்யவும்" என்று எழுதினால் கோப்பில் போய்த் தூங்கும். இப்படி எழுதிப் பாருங்கள்: "எங்கள் தெருவில் கதவு எண் 12 முதல் 40 வரை, சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு வடிகால் இல்லை. கிழக்கு முனையில் உள்ள மாநகராட்சி வடிகாலோடு இணைக்கலாம். இந்த இடத்தை ஆய்வு செய்து மதிப்பீடு தயாரித்து மன்றத்தின் அனுமதிக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." அளவும் இணையும் இடமும் இருந்தால் உதவிப் பொறியாளர் ஒருமுறை நேரில் வந்தாலே எஸ்டிமேட் போட்டுவிடலாம். தெருவின் இரண்டு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். எதிர்ச்சாரி கையெழுத்துப் போடாத மனுவால், பள்ளம் தோண்டும் நாளில் எதிர்ச்சாரியோடு தகராறு வரும்.

கவுன்சிலரைக் கட்சி பார்த்து அணுகாதீர்கள். வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் என்று தெரிந்தும் மனுவை வாங்கி, மண்டலக் கூட்டத்தில் பேசி, எஸ்டிமேட் வரை விரட்டிக்கொண்டு போகிற கவுன்சிலர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். பணிவாக, திரும்பத் திரும்ப, எழுத்தோடு போனால் கதவு திறக்கும்.

தீர்மானம் நிறைவேறிய பின்

முதலில் தீர்மானத்தின் நகலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பம், 30 நாளில் பதில். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். "என் தெருச் சாலை ஏன் போடவில்லை?" என்று கேள்வியாகக் கேட்காதீர்கள். இன்ன தேதியிட்ட, இன்ன எண் மன்றத் தீர்மானத்தின் நகல், அதற்கான மதிப்பீட்டு விவரப் பட்டியல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள் என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கேள்விக்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கலாம். பெயர் சொல்லிக் கேட்ட ஆவணத்தை அப்படி எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பணி ஆணையில் வேலை தொடங்கும் நாளும் முடிக்கும் நாளும் இருக்கும். வேலை நடக்கும்போது எஸ்டிமேட் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மில்லிங் நடந்ததா, வடிகாலின் அகலமும் ஆழமும் எழுதியபடி இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். படத்தில் கதவு எண்ணோ மின்கம்ப எண்ணோ தெரியட்டும். பணியாளர்களிடம் குறை சொல்ல வேண்டாம், அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள். உதவிப் பொறியாளருக்கு அன்றைக்கே எழுதுங்கள்.

வேலை முடிந்தாலும் கோப்பு மூடப்படுவதில்லை. ஒப்பந்ததாரரின் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். குறைபாடு ஏற்பட்டால் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம் எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தக் காலம் முடியும் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் தெருவை ஒருமுறை முழுதாக நடந்து பார்த்து, பெயர்ந்த இடங்களையும் தண்ணீர் நிற்கும் இடங்களையும் பட்டியலிட்டு, பிடித்தம் செய்த தொகையை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிசெய்யச் சொல்லுமாறு ஆணையருக்கு மனு அனுப்புங்கள். நகலைக் கவுன்சிலருக்கும் உதவிப் பொறியாளருக்கும் கொடுத்து, மூன்றுக்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.